அடியில்லாச் சட்டி

நனைந்த பஞ்சைப் போல ஒரு சனியன் கிடையாது. தூக்கினால் பிணமாகக் கனக்கும். பிழிந்தால் கைதான் வலிக்கும், உள்ளே இருக்கிற தண்ணீர் உள்ளேயே இருக்கும். வெயிலில் பரப்பி வைத்தால் மேலே வெள்ளையாகக் காய்ந்து ஏமாற்றும். கையை விட்டுப் பார்த்தால் அடியில் புளித்த வாடை அடிக்கும். வெள்ளம் வடிந்து இத்தனை நாள் ஆகியும் மெத்தைக்காரர் வீட்டுப் பின்பக்கம் கம்பிச் சட்டத்தின் மேல் குவித்து வைத்திருந்த பஞ்சு சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொட்டாக. சிமெண்டுத் தரையில் ஒரு ஈரக்கோடு போட்டுக்கொண்டு அது சாக்கடை வாய்க்குப் போனது.

மாடிக்காரி அந்தக் கோட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

தினமும் தன் வேலை முடிந்ததும் இங்கே வந்துவிடுவாள். மெத்தை உறைகள் மலைபோலக் கிடந்தன. எல்லாம் சேறு. ஒவ்வொன்றையும் அலசி, இந்த முனையை அவளும் அந்த முனையை நாத்தனாரும் பிடித்து, எதிரெதிராக முறுக்கிப் பிழிவார்கள். கனத்த துணி. ஒருத்தி கொஞ்சம் தளர்த்தினாலும் மற்றவள் தடுமாறிப் பின்னால் போக வேண்டியதுதான்.

"அண்ணி, நீங்க இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு நினைச்சா பயமா இருக்கு" என்றாள் நாத்தனார். அவள் மெத்தைக்காரரின் பெண்சாதி, மாடிக்காரியின் புருஷனுக்குத் தங்கை. வீட்டில் செல்லப் பேர் குட்டி.

"பேசாம முறுக்கு."

"இல்ல, சொல்லித்தான் ஆகணும். கூடப் பொறந்தவன் ஒருநாள் வந்தான், கத்தினான், போயிட்டான். நீங்கதான் தினம் வர்றீங்க. உங்க கை பாருங்க, தோலே உரிஞ்சு போச்சு."

"உங்க அண்ணனுக்குக் கத்த மட்டும்தான் தெரியும். அது புதுசா?"

"அந்தச் சட்டிக்காரன் நல்லா இருப்பானா அண்ணி? ஒரு திருகு. ஒரே ஒரு திருகு திருகிப் பூட்டியிருந்தா எங்க வீட்டுக்குள்ள இவ்வளவு தண்ணி வந்திருக்குமா? இவர் கால்தான் உடைஞ்சிருக்குமா?"

மாடிக்காரி துணியைப் பார்த்துக்கொண்டே முறுக்கினாள். சேற்றுத் தண்ணீர் அவள் காலில் கொட்டியது.

உள்ளேயிருந்து மெத்தைக்காரர் கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் மெத்தை தைத்துக் கொடுத்த மனிதர் வெறும் பலகையில் மாவுக்கட்டுப் போட்ட காலோடு கிடந்தார். வீட்டில் இருந்த ஒரு மெத்தைகூட மிஞ்சவில்லை.

"தங்கச்சி, போறதுக்கு முன்னாடி அந்தத் தலையணையைக் கொஞ்சம் ஏத்தி வெச்சிட்டுப் போம்மா. இவ வெச்சா கால் சரிஞ்சு சரிஞ்சு வருது. உன் கைதான் கை."

போய்த் தலையணையை ஏற்றி வைத்தாள். "ஆ, இப்பத்தான் உயிரு வந்துது" என்றார். அவர் சொன்ன சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு மாடிக்காரி படியேறித் தெருவுக்கு வந்தாள். மெத்தைக்காரர் வீடு தெருவைவிடத் தாழ்ந்தது. படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். தெருவும் அந்த வீட்டை நோக்கியே சரிந்து வந்து முடியும். தெருவின் மேட்டில், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது அவள் குடியிருக்கும் கட்டடம்.

அந்தக் கட்டடத்துக்கு அவள் புருஷன் காவல்காரன். மொட்டை மாடியில் லிப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதனால்தான் அவள் மாடிக்காரி. கீழே இருக்கிறவர்கள் மாடிக்காரம்மா என்பார்கள். அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை. பக்கத்து லாட்ஜிலிருந்து படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து துவைத்து, மாடியில் காயவைத்து, இஸ்திரி போட்டு மறுநாள் கொடுப்பாள். பெரிய மாடி. வெயில் அடித்தால் கட்டடம் முழுக்கக் கொடி ஏற்றியது போல வெள்ளையாகப் படபடக்கும்.

ஆனால் அது சாதாரண மாடி இல்லை. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிற மாடி. தெருவுக்கு அடியில் ஓடும் கால்வாய் பழசு, குறுகலானது. இவ்வளவு பெரிய கட்டடத்தின் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கினால் அது தாங்காது. அதனால் கட்டும்போதே நகராட்சி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மாடியின் நான்கு மூலையிலும் தண்ணீர் இறங்குகிற வாய்மேல் ஒவ்வொரு இரும்பு வளையம். முழங்காலில் பாதி உயரம். பார்த்தால் அடியைக் கழற்றிவிட்ட சட்டி மாதிரி இருக்கும். கீழ்ப்பக்கம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓர் ஓட்டை. மழை பெய்தால் தண்ணீர் மாடியில் தேங்கி நிற்கும், அந்த ஓட்டை வழியாக மட்டும் ஒழுகி இறங்கும். முழுவதும் வடிய ஒரு ராத்திரியும் பகலும் ஆகும். அளவுக்கு மீறிப் போனால் சட்டியின் விளிம்பைத் தாண்டி வழியும். அவ்வளவுதான் விஷயம்.

கட்டடத்துக்காரர்களுக்கு இதில் ஏக வருத்தம். கொசு என்றார்கள், ஓதம் என்றார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தன் வீட்டுக் கூரையில் ஒரு வெடிப்பைக் காட்டி, "மேல குளத்தை வெச்சுக்கிட்டு நான் மீன் மாதிரி கீழ படுத்திருக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மாடிக்காரியின் வருத்தம் வேறு. மழை விட்டு நல்ல வெயில் அடிக்கும். மாடியில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். அதில் நின்றுகொண்டு விரிப்பைக் கொடியில் போட்டால் பாதி விரிப்பு தண்ணீரில் தொங்கும். லாட்ஜ் மேனேஜர் போன் போட்டு, "என்னம்மா, எங்க ஆளுங்க வெறும் கட்டில்ல படுக்கவா?" என்பான்.

சட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வருவார். சட்டிக்காரர் என்றே பெயர். இந்தப் பக்கத்தில் இதே மாதிரி மாடிகள் பல, எல்லாவற்றுக்கும் அவர்தான். ஒவ்வொரு சட்டியையும் இடப்பக்கம் அரைத் திருகல் திருகித் தூக்கி, இலை தழை, காகம் போட்ட எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மறுபடி வைத்து வலப்பக்கம் அரைத் திருகல். பூட்டிக்கொள்ளும். மாடிக்காரி டீயை நீட்டிக்கொண்டே அதைப் பார்த்து வைத்திருந்தாள்.

முதல் தடவை அவள் சட்டியைத் தூக்கியது வெயிலும் தண்ணீரும் சேர்ந்து நின்ற ஒரு காலையில். தண்ணீர் மொத்தமும் சுழித்துக்கொண்டு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மாடி காய ஆரம்பித்தது. துணி போட்டாள். சாயங்காலம் சட்டியை வைத்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. பழக்கம் ஆனதும் உபயோகமும் வந்தது. சூடான இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைக்கச் சரியான தாங்கி அவளிடம் இல்லை. சட்டியின் விளிம்பில் பெட்டி அம்சமாக உட்கார்ந்தது. இன்னொரு சட்டி, காலுடைந்த இஸ்திரி மேசைக்கு முட்டுக்கொடுத்தது. மழைக்கு முன்னால் திருப்பி வைத்துவிடுவாள். பெரும்பாலும்.

ஒருநாள் சட்டிக்காரர் சொல்லாமல் வந்துவிட்டார். வாசலில் நின்று அறைக்குள் எட்டிப் பார்த்தார். சட்டிமேல் இஸ்திரிப் பெட்டி சூடாக உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிற பெயிண்டில் அதன் மூக்கு பழுப்பாகத் தீய்ந்து பதிந்திருந்தது.

"அட, மாடிக்காரம்மா" என்றார். "ஊருக்கே தண்ணி நிறுத்துற சட்டி. உங்க வீட்ல இஸ்திரிப் பெட்டிக்கு ஆசனமா?"

அவள் திருடி மாட்டிக்கொண்டவள் போல நின்றாள். பிறகு, "வெயில்தானேண்ணே அடிக்குது. சும்மாதானே கிடக்குது" என்றாள்.

"சும்மா கிடக்கறதுதான் அதோட வேலை. என் சம்சாரம் என்னையே அப்படித்தான் சொல்லுவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் டீயைக் குடித்தார். போகும்போது கொஞ்சம் நின்று, "தண்ணி மேல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போனாத்தான் கீழ இருக்கறவங்க உட்கார முடியும். மழைக்கு முன்ன வெச்சிடுங்க. நான் பார்க்கலை" என்றார்.

கீழே இருப்பவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், தெரியாமல் செய்துவிட்டேன் என்று. ஒட்டவில்லை. ஒருநாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவள் திறந்துவிட்ட தண்ணீர் தெருமுனையில் கால்வாய் மூடியின் ஓரங்களில் பொங்கி, நாத்தனார் வீட்டு முதல் படியைத் தொட்டுவிட்டுத் திரும்பியதைப் பார்த்தாள். பார்த்தாள், திரும்பினாள், அடுத்த விரிப்பை உதறினாள்.

அந்தப் பெரிய மழைக்கு முன்னால் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. துணி சேர்ந்துபோய் அறைக்குள் நடக்க இடம் இல்லை. ஈரத்துணி நாற்றத்தில் புருஷன் படியில் போய்ப் படுத்தான். லாட்ஜ்காரன் வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டான். அன்று காலையில் மேகம் விலகியது. அவள் நான்கு சட்டிகளையும் எடுத்துவிட்டாள். மாடி காய்ந்தது. கொடி கொடியாக விரிப்புகளைப் போட்டாள். இரண்டு சட்டி அறைக்குள் வழக்கமான வேலைக்குப் போனது. மற்ற இரண்டையும் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். மத்தியானம் முட்டையும் சோறும் சாப்பிட்டாள். வெயில் சுட்டது. கண்ணயர்ந்துவிட்டாள்.

இடிச் சத்தத்தில் எழுந்து வெளியே வந்தபோது வானம் கறுத்து, முதல் துளிகள் கல்லெறிந்த மாதிரி விழுந்தன.

இங்கேதான் அவள் மனம் ஒவ்வொரு நாளும் வந்து நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் இரண்டு சட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கொடியில் விரிப்புகள். அவள் சட்டியைப் பார்த்தாள். அப்புறம் விரிப்பைப் பிடித்து இழுத்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. கிளிப் கிளிப்பாகப் பிடுங்கி, தோளில் போட்டு, உள்ளே கொண்டுபோய் எறிந்து, மறுபடி ஓடிவந்தாள். கடைசி விரிப்புவரை எடுத்தாள். ஒன்றுகூட நனையவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனாள். அதற்குள் அந்த வாய் மாடித் தண்ணீரையெல்லாம் உறிஞ்சி உறுமிக்கொண்டிருந்தது. சட்டியை வைக்கப் போனால் சாய்த்துத் தள்ளியது. கையை உள்ளே இழுத்தது. மழைத் திரையில் எதிர்மூலையே தெரியவில்லை. சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, குழாய்களுக்குள் தண்ணீர் தடதடவென்று இறங்குவதைக் கேட்டபடி நின்றாள்.

கீழே மெத்தைக்காரர் பஞ்சு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிய நேரம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் படியில் எதிர்த்து வந்து காலை வாரிவிட்டது.

மழை விட்டதும் காவல்காரன் தங்கை வீட்டுக்கு ஓடினான். அவன் போனபின் அவள் நான்கு சட்டிகளையும் வாய்களின்மேல் வைத்தாள். அடியில் மணல் ஏறியிருந்தது. திருகினால் திரும்பவில்லை. வெறுமனே உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் நகராட்சிப் பொறியாளர் ஒருவர் வந்தார். செயலாளரும் காவல்காரனும், வரவழைத்திருந்த சட்டிக்காரரும் அவரோடு மாடியேறினார்கள். மாடியில் தண்ணீர் நின்ற கறை எங்கும் இல்லை என்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குனிந்து ஒரு சட்டியைத் தொட்டார். திருகாமலே கையோடு வந்தது. நான்கும் அப்படியே.

"பூட்டவே இல்லையே. தண்ணி இதைத் தூக்கிக்கிட்டு அடியிலேயே போயிருக்கும்" என்றார்.

எல்லாரும் சட்டிக்காரரைப் பார்த்தார்கள். அவர் ஒரு சட்டியைக் கையில் வாங்கித் திருப்பினார். விளிம்பில் தீய்ந்த மூக்குத் தடம். கட்டைவிரலால் அதை ஒரு தடவை தேய்த்தார். மாடிக்காரியின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"மறந்துட்டேன் போல சார்" என்றார்.

காவல்காரன் பாய்ந்துபோய் அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். "மறந்துட்டியா? என் தங்கச்சி குடும்பமே நடுத்தெருவுல நிக்குது, மறந்துட்டியாடா?" என்று உலுக்கினான். காலர் கிழிகிற சத்தம் கதவுக்குப் பின்னால்வரை கேட்டது. விலக்கிவிட்டார்கள். செயலாளர், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு இவரை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யலாம் என்றார். முடிவு என்ன என்பது அவர் குரலிலேயே இருந்தது. அனுப்பினால் இந்த மாடி மட்டும் போகாது. சேதி பரவும். மற்ற மாடிகளும் போகும்.

சனிக்கிழமை மத்தியானம் சட்டிக்காரர் மாடியேறி வந்தார். கையில் ஒரு பை. பையிலிருந்து சட்டையை எடுத்தார்.

"நாளைக்குக் கூட்டத்துக்குப் போட்டுக்கணும். இருக்கறதுல இதுதான் நல்ல சட்டை. இஸ்திரி போட்டுக் குடுங்க மாடிக்காரம்மா."

அவள் வாங்கி விரித்தாள். காலர் தையல் பிரிந்து தொங்கியது.

"உங்க வீட்டுக்காரர் பிடிச்ச சட்டைதான்" என்றார்.

அவள் ஊசி நூல் எடுத்து வாசற்படியில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். அவர் நின்றுகொண்டேயிருந்தார். டீ போடட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவராகவும் கேட்கவில்லை.

"ஏண்ணே சொல்லலை?" என்றாள் கடைசியில். நூலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னத்த சொல்ல? பார்த்தேன், பார்க்கலைன்னு சொல்லிட்டுப் போனேன்னா? அதைச் சொன்னாலும் என்னைத்தான் அனுப்புவாங்க. உங்களையும் சேர்த்து அனுப்புவாங்க. எனக்கு வீடாவது இருக்கு. நீங்க ரூமைக் காலி பண்ணிட்டு எங்க போவீங்க?"

"எனக்காகவா?"

"உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துது. வீட்டுக்குப் போனதும் என்னையே திட்டிக்கிட்டேன். கோவம் இல்லைன்னெல்லாம் சொல்ல மாட்டேன். நிறைய இருக்கு."

அவள் தலையாட்டினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எப்படியும் அந்த மழைக்குத் தண்ணி வந்துதான் இருக்கும்னு தெருவுல பேசிக்கறாங்க" என்றாள்.

"வந்திருக்கும். கணுக்காலுக்கு வந்திருக்குமா, இடுப்புக்கு வந்திருக்குமா, அதுதானே கேள்வி. அது எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. சட்டி இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

அவள் எழுந்து உள்ளே போய்ச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பெட்டியை வைக்கக் கை வழக்கமான இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. பெட்டியைக் கையில் பிடித்தபடி வைக்க இடம் தேடி நின்றாள். சட்டிக்காரர் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ஒரு பழைய தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள்.

சட்டையை மடித்துக் கொடுத்ததும் அவர் காலரைத் தடவிப் பார்த்தார். "தையல் தெரியலை. நல்ல கை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் புருஷன் சாப்பிட வந்தபோது அவள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. சட்டி, இஸ்திரிப் பெட்டி, விரிப்பு, எல்லாவற்றையும் சொன்னாள்.

காவல்காரன் கை சோற்றிலேயே நின்றது.

"இதை வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல."

"அப்ப சொல்லாதே."

"என்னங்க, அந்த மனுஷன் நாளைக்கு..."

"நான் அவன் சட்டையைப் பிடிச்சேன்டி. கட்டடமே பார்த்துச்சு. குட்டிகிட்டப் போய், அவனைச் சும்மா விட மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு, என் வீட்டுக்காரிதான்னு சொல்றது?" அவன் குரல் ஏறவில்லை. கத்துகிற மனிதன் கத்தாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "மாப்பிள்ளை உன்னைத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிடறாரு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் தினம் போய்த் துணி துவைச்சுட்டு வந்தியா?"

"அதனாலதான் போனேன்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்ப உட்கார்ந்து, மிச்சத்தையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தான். "வாயைத் திறக்காதே" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் மூடியிருந்தது. கூட்டம் கீழே கார் நிறுத்துகிற இடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாடிக்காரி முதலில் அந்தத் தீய்ந்த சட்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் மூலைக்குப் போனாள். குனிந்து கையை வைத்தாள். மேகத்தைப் பார்த்தாள். எடுக்க மனம் வரவில்லை. சட்டிக்காரர் இப்போது நன்றாகப் பூட்டி வைத்திருந்தார். இருந்தாலும் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அறைக்குள் போய் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். பொறுப்பு என்ற சொல்லை ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு தடவை உட்காரவைத்து எழுப்பிக்கொண்டிருந்தார். சட்டிக்காரர் முன்வரிசையில், தைத்த காலரோடு, கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். காவல்காரன் கேட்டுக்குப் பக்கத்தில் தன் முக்காலியில். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

அவள் நேராக நடந்துபோய் மேசைமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். "என்னம்மா, இங்க எதுக்கு இஸ்திரி?"

"மேல லிப்ட் ரூம் பக்கத்து மூலைச் சட்டியில ஒரு தீஞ்ச தடம் இருக்குங்க. இந்த மூக்கு அதுல சரியா உட்காரும். வேணும்னா போய் வெச்சுப் பாருங்க."

"அதனால?"

"சட்டியை நான்தான் எடுத்தேன். மழை வந்தப்ப நாலும் என்கிட்டதான் இருந்துது. இவர் பூட்டிட்டுத்தான் போனாரு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். விஷயம் புரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். செயலாளர் பெட்டியையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எதுக்கும்மா எடுத்தே?"

"துணி காயப் போட."

"துணி காயவா?" அவருக்கு அது போதவில்லை. இன்னும் பெரிதாக ஏதாவது காரணம் இருக்கும் என்று காத்திருந்தார். அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

"உட்காருங்க மாடிக்காரம்மா" என்றார் சட்டிக்காரர் தரையைப் பார்த்தபடி. பிறகு செயலாளரிடம், "இவங்க எடுக்கறது எனக்குத் தெரியும் சார். அதையும் எழுதிக்கங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முடிவாக, சட்டிக்காரரைக் கண்டித்து வைத்துக்கொள்வது என்றும், காவல்காரன் குடும்பம் அடுத்த மாதத்துக்குள் மாடி அறையைக் காலி செய்வது என்றும், காவல் வேலை பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றும் ஆனது. அப்புறம் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

சட்டிக்காரர் எழுந்து அவளைக் கடந்து போகும்போது நின்றார். "முதல் நாளே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஆமா."

அவர் படியேறி மாடிக்குப் போனார். மழை வரும்போல் இருந்தது. சட்டிகளைப் பார்க்கப் போயிருப்பார்.

புருஷன் முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"குட்டிகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றான். "என்னால முடியாது. வேற யாராவது போறதுக்கு முன்னாடி போ."

தெருவில் இறங்கி நடந்தாள். சரிவில் கால் தானாகவே வேகமாகப் போனது. நாத்தனார் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, வர மாட்டீங்கன்னு நினைச்சேன். கூட்டம் முடிஞ்சுதா? அவனை அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓர் உறையின் முனையை நீட்டினாள். கோடு போட்ட பெரிய உறை. மாடிக்காரி மறுமுனையை வாங்கிக்கொண்டாள். முறுக்க ஆரம்பித்தார்கள்.

முறுக்கிக்கொண்டே சொன்னாள். துணி இறுகிக்கொண்டே வந்தது. நாத்தனார் விடவில்லை. மாடிக்காரி சொல்லி முடிக்கும்வரை தன் பக்கத்தைத் திருகிக்கொண்டேயிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் துணி கயிறு மாதிரி விறைத்து நின்றது. பிழிய இனி அதில் ஒரு சொட்டும் இல்லை.

"மழை வந்தப்ப முழிச்சுட்டுதானே இருந்தீங்க?" என்றாள் நாத்தனார்.

"ஆமா."

"சட்டி எங்க இருந்துச்சு?"

"ரெண்டு சட்டி பக்கத்துலயே இருந்துது. சுவர்மேல."

"எதை முதல்ல எடுத்தீங்க?"

பொய் சொல்ல இடம் இருந்தது. எட்டவில்லை என்று சொல்லலாம். மழையில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லலாம். அங்கே யாரும் பார்க்கவில்லை.

"துணியை" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நாத்தனார் தலையை ஆட்டினாள். துணியின் முறுக்கைத் தன் பக்கத்திலிருந்து மெல்லப் பிரித்தாள். தன் முனையைக் கொண்டுவந்து மாடிக்காரியின் கையில் வைத்தாள். கை மேலே படாமல் வைத்தாள்.

"இதைக் காயப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

மாடிக்காரி உறையை உதறிக் கொடியில் போட்டாள். சுருக்கம் விழாமல் ஓரங்களை இழுத்துவிட்டாள். கம்பிச் சட்டத்தில் பஞ்சு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து மெத்தைக்காரர் குரல் வந்தது. "யாரு, தங்கச்சியா வந்திருக்கு? கால் சரிஞ்சுடுச்சும்மா. அந்தத் தலையணையைக் கொஞ்சம் ஏத்தி வெச்சிட்டுப் போகச் சொல்லு."

மாடிக்காரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். நாத்தனார் அவளைத் தாண்டிப் போய் வாசலில் நின்றாள். நின்று, உள்பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணி போயிட்டாங்க."